கடவுச்சொல்லும் காவலும்

பொருளை ஈட்டுவது அரிது. ஈட்டிய பொருளைக் காப்பது அதனினும் அரிது. இதனை அறிந்தே நம் முன்னோர் வீட்டுக்குக் கதவும், கதவுக்குத் தாழும், பெட்டிக்குப் பூட்டும் அமைத்தனர். இன்று நம் உடைமைகளுட் பல பெட்டியில் இல்லை. உதவித்தொகை வங்கிக் கணக்கில் உள்ளது. மதிப்பெண்கள் பல்கலைக்கழகக் கணிப்பொறியில் உள்ளன. நண்பர்க்கு எழுதிய மடல்கள் மின்னஞ்சலில் உள்ளன. இவற்றுக்கெல்லாம் திறவுகோல் ஒரு சொல்லே. அதனைக் கடவுச்சொல் என்கிறோம். அச்சொல் எவ்வாறு காக்கிறது, எவ்வாறு களவு போகிறது, அதனை எங்ஙனம் பேணுவது என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு விளக்க விழைகிறேன்.

நான் இத்துறையில் வல்லுநன் அல்லன். இயற்பியல் பயிலும் முதுகலை மாணவன். எனினும், ஒருமுறை திறவுகோலை இழந்து அல்லலுற்றவன் என்ற உரிமை எனக்கு உண்டு.

நான் செய்த பிழை

கோலார் தங்க வயலில் ஸ்கெலட்டன் என்னும் பகுதியே என் ஊர். பத்தாம் வகுப்பில் படித்த நாளில், விண்ணப்பம் ஒன்றுக்காக மின்னஞ்சல் கணக்கு தொடங்க வேண்டி ஒரு கணிப்பொறிக் கடைக்குச் சென்றேன். "பாஸ்வேர்டு என்னா வைக்கட்டும், தம்பி?" என்று கடைக்காரர் கேட்டார். "நீங்களே ஏதாவது வைங்கண்ணா" என்றேன். அவர் என் தந்தையாரின் கைப்பேசி எண்ணையே வைத்து, ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். எளிதில் நினைவில் நின்றமையால், அடுத்த ஏழு ஆண்டுகளில் நான் தொடங்கிய கணக்குகள் அனைத்துக்கும் அவ்வெண்ணே கடவுச்சொல்லாயிற்று.

அக்கணக்குகளுள் ஒன்று நுழைவுத்தேர்வுப் பயிற்சி நிலையம் ஒன்றினுடையது. சென்ற ஆண்டு அந்நிலையத்தின் பட்டியல் களவு போயிற்று. களவாடியவர் அதிலிருந்த என் முகவரியையும் கடவுச்சொல்லையும் கொண்டு என் மின்னஞ்சலைத் திறந்தார். அதன் வழியே என் பிற கணக்குகளையும் கைப்பற்றினார். பின்னர் என் பெயரால், "அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், அவசரமாக 4,000 ரூபாய் வேண்டும்" என்று எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினார்.

2001-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்ட பின், தங்க வயலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பிழைப்புக்காக நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று திரும்புகின்றனர். என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். அவருடன் ஒரே பெட்டியில் செல்லும் நண்பர் ஒருவர், காவலாளி வேலை பார்ப்பவர், அன்று விடுப்பில் இருந்தார். செய்தியைக் கண்டதும் கேள்வி ஒன்றும் கேளாமல் பணத்தை அனுப்பிவிட்டார். இரவு நலம் விசாரிக்க எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த தந்தையாரைக் கண்டு திகைத்து, "அண்ணே, ஒடம்பு எப்படி இருக்குது?" என்றார். தந்தையாருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தந்தையார் இரண்டு மாதச் சம்பளத்திலிருந்து அப்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். நண்பர் வாங்க மறுத்தும் வற்புறுத்திக் கொடுத்தார். ஆனால் என்னை வருத்தியது அத்தொகை அன்று. நாளை எங்கள் வீட்டில் உண்மையாகவே நோய் வந்து நான் உதவி கேட்டால், அதனை யார் நம்புவர்? களவு போனது என் சொல்லின் மதிப்பு.

எண் வேறு, சான்று வேறு

என் பாட்டனார் நிலத்தடியில் வேலை பார்த்த சுரங்கத் தொழிலாளி. கீழே இறங்குவோர்க்கு எண் பொறித்த டோக்கன் உண்டு என்றும், திரும்பி வராத டோக்கன் 'ஒருவர் இன்னும் கீழே இருக்கிறார்' என்பதைக் காட்டும் என்றும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். டோக்கன் 'இவர் இன்னார்' என்று கூறும், அவ்வளவே. அதனை யார் கையில் வைத்திருந்தாலும் அதே எண்ணைத்தான் கூறும்.

நம் பெயர், பிறந்த நாள், கைப்பேசி எண், ஊர், தாயார் பெயர் ஆகியவை அனைத்தும் டோக்கன்களே. அவை நம்மை அடையாளம் காட்டும். ஆனால் 'வந்திருப்பவர் அவர்தாம்' என்பதற்குச் சான்று வேறொன்று வேண்டும். அச்சான்றே கடவுச்சொல். நான் டோக்கனையே திறவுகோலாகக் கொண்டேன். பிறர் அறிந்த ஒன்று ஒருகாலும் நமக்குச் சான்றாகாது. இக்கட்டுரையின் சாரம் இதுவே எனலாம்.

கல்லும் துகளும்

கணிப்பொறியில் கடவுச்சொல்லைப் புகுத்திய முன்னோடிகளுள் ஒருவர் பெர்னாண்டோ கார்பட்டோ. 1961-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பலர் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பை அவர் குழுவினர் ஆக்கினர். அவரவர் கோப்புகளைக் காக்கக் கடவுச்சொல் வைத்தனர். 1962-இல் ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமையால், கடவுச்சொற் பட்டியல் முழுவதையும் அச்சிட்டு எடுத்துப் பிறர் நேரத்தையும் பயன்படுத்திக்கொண்டார். பூட்டுப் பிறந்த மறு ஆண்டே களவும் பிறந்தது. களவாடியவரும் நம்மைப் போன்ற மாணவரே!

பட்டியலை அப்படியே வைத்தால் ஒருநாள் அது களவு போகும். ஆதலின் சொல்லை அப்படியே வையாமல், பொடித்து வைக்கும் முறை தோன்றியது. தங்க வயலுக்கு வந்தோர் சயனைடு மேடுகளைக் கண்டிருப்பர். பாறையைப் பொடியாக்கிச் சயனைடுக் கரைசலால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய துகளின் குவியல்கள் அவை. அத்துகளிலிருந்து பழைய பாறையை மீண்டும் ஆக்க இயலாது. 'ஹாஷ்' எனப்படும் கணக்குமுறை சொல்லை இங்ஙனமே பொடிக்கிறது. ஒரே சொல்லைப் பொடித்தால் எப்போதும் ஒரே துகள் கிடைக்கும். துகளிலிருந்து சொல்லைப் பெற இயலாது. நாம் உள்ளே நுழையும்போது கணிப்பொறி நம் சொல்லைப் பொடித்து, தன்னிடமுள்ள துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

அங்ஙனமாயின் கள்வன் என்ன செய்வான் என்னும் வினா எழலாம். அவன் கோடிக்கணக்கான சொற்களைத் தானே பொடித்து, ஒவ்வொன்றாக ஒப்பிடுவான். இதனைத் தடுக்கக் கணக்குதோறும் வெவ்வேறு 'உப்பு' சேர்த்துப் பொடிப்பதையும், பொடிக்கும் வேலையை வேண்டுமென்றே மெதுவாக்குவதையும் ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் என்னும் இருவர் 1979-இல் விளக்கி எழுதினர்.

ஆயினும் எல்லா நிறுவனங்களும் இம்முறையைப் பின்பற்றுவதில்லை. 2009-இல் ராக்யூ என்னும் அமெரிக்க நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 3.2 கோடிக் கடவுச்சொற்கள் களவு போயின. அவை பொடிக்கப்படாமல் அப்படியே வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் மிகப் பலர் வைத்திருந்த சொல் '123456' ஆகும். நாம் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் எதிர்ப்புறத்தார் விழிப்பாக இருப்பர் என்பதற்கு உறுதி இல்லை. ஆகையால் ஒரு கதவின் திறவுகோல் மற்றொரு கதவைத் திறக்கலாகாது.

கணக்குக் காட்டும் உண்மை

கள்வனின் பொறி நொடிக்கு 1,000 கோடிச் சொற்களைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். விரைவான ஹாஷ் முறையாயின் இன்றைய கருவிகளுக்கு இஃது இயல்வதே. பத்து இலக்க எண்கள் மொத்தம் 1,000 கோடி. ஆகவே நான் ஏழு ஆண்டுகள் காத்த இரகசியம் ஒரே நொடியில் தீர்ந்துவிடும்! ஆங்கிலச் சிறிய எழுத்துகள் எட்டைக் கொண்ட சொற்கள் ஏறத்தாழ 20,900 கோடி. அவற்றுக்கு 21 நொடிகள் போதும்.

இனி வேறொரு முறையைக் காண்போம். 1995-இல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு என்பார் 7,776 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். பகடையை ஐந்து முறை உருட்டினால் அதிலிருந்து ஒரு சொல் கிடைக்கும். இவ்வாறு பெற்ற நான்கு சொற்களைத் தொடராக்கினால், அத்தகைய தொடர்கள் அனைத்தையும் சோதிக்க அதே பொறிக்கு நான்கு நாளுக்குச் சற்று மேல் ஆகும். ஐந்து சொற்களாயின் 90 ஆண்டுகள். ஆறாயின் 7 லட்சம் ஆண்டுகள். நீளமே வலிமை என்பது இதனால் விளங்கும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. சொற்களைப் பகடை தேர்ந்தெடுக்க வேண்டும், நாம் தேர்ந்தெடுக்கலாகாது. குறளின் முதலடியையோ, திரைப்பட வசனத்தையோ ஆங்கில எழுத்தில் எழுதி, இறுதியில் 123 சேர்த்துவிட்டால் எவர்க்கும் புரியாது என்று நம் நண்பர் சிலர் எண்ணுகின்றனர். சோதிப்பது மனிதன் அன்று, பொறி. அதற்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. பல மொழிச் சொற்களும் கலந்த பழைய களவுப் பட்டியல்களே அதற்குப் போதும்.

குறித்த காலந்தோறும் மாற்றுவதும், குறியீடுகளைத் திணிப்பதும் பெரும் பயன் தருவன அல்ல. 2003-இல் அமெரிக்க அரசின் நெறிமுறையில் அவற்றை வற்புறுத்தி எழுதிய பில் பர் என்பார், 2017-இல் அதற்காக வருத்தம் தெரிவித்தார். களவு நேர்ந்தது தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும் என்பதே இன்றைய கொள்கை.

கொள்ள வேண்டிய முறைகள்

முதலாவது, கணக்குக்கு ஒரு சொல்லாக ஐம்பது சொற்களை எவராலும் நினைவில் வைக்க இயலாது. பிட்வார்டன், கீபாஸ் போன்ற கடவுச்சொற் பெட்டகங்களை விலையின்றிப் பெறலாம். அவை வலிய சொற்களைத் தாமே ஆக்கிச் சேமிக்கும். பெட்டகத்துக்கு மட்டும் பகடை தந்த ஆறு சொற்களை மனத்தில் இருத்தினாற் போதும். அவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டு டிரங்குப் பெட்டியில் வைப்பதும் தவறன்று. கடல் கடந்த கள்வன் நம் டிரங்குப் பெட்டியைத் திறக்க வரமாட்டான்.

இரண்டாவது, மின்னஞ்சலையே முதலிற் காக்க வேண்டும். பிற கணக்குகளில் 'கடவுச்சொல்லை மறந்தேன்' என்றால், புதிய திறவுகோல் அங்குதான் வந்து சேரும்.

மூன்றாவது, இரண்டு சாவிகள் வேண்டும். வங்கி லாக்கரைத் திறக்க வங்கியின் சாவியும் நம் சாவியும் தேவைப்படுவதை நாம் அறிவோம். இணையவழி அட்டைப் பணமாற்றத்துக்கு இரண்டாம் சான்றை ரிசர்வ் வங்கி 2009-இல் கட்டாயமாக்கியது இக்கருத்துப் பற்றியே. நம் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் அந்த இரண்டாம் சாவி. அதனைக் கேட்பவர் வங்கி அதிகாரி என்று சொன்னாலும் கொடுத்தலாகாது. யு.பி.ஐ. பின் எண்ணும் பணம் அனுப்புவதற்கே வேண்டும். பெறுவதற்கு ஒருபோதும் வேண்டியதில்லை.

கைரேகை திறவுகோலாகுமா?

1930-ஆம் ஆண்டில் தங்க வயல் தொழிலாளர் பெரியதொரு வேலைநிறுத்தம் செய்தனர். தம்மைப் பதிவு செய்து கைரேகை எடுக்கும் புதிய ஏற்பாடே அதற்கு முதன்மையான காரணம். குற்றவாளிகளைப் போல் நம்மை நடத்துவதா என்று அவர்கள் கொதித்தனர். இன்று நாம் வேறொரு காரணத்துக்காகவும் கைரேகையைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால் வங்கிப் பணத்தை எடுக்கும் முறை நம் நாட்டில் உள்ளது. 2023-இல் கர்நாடகத்தில், பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்த கைரேகைகளைப் படியெடுத்துப் பலருடைய பணத்தைத் திருடிய செய்திகள் வெளிவந்தன.

கைரேகையை நாம் தொட்ட இடமெல்லாம் விட்டுச் செல்கிறோம். அதுவும் ஒரு டோக்கனே. கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம். விரலை மாற்ற இயலுமா? ஆதாரின் கைரேகைச் சான்றைப் பூட்டிவைக்க எம்ஆதார் செயலியில் வசதி உள்ளது. வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

இத்தனைக்குப் பின்னும் பணம் பறிபோனால் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். அதுவே இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். தங்க வயலார்க்கு அவ்வாண்டை நினைவில் வைப்பது கடினமன்று. விரைந்து அழைத்தால், பணம் கைமாறுமுன் நிறுத்த வாய்ப்புண்டு. நாங்கள் மூன்றாம் நாள் அழைத்தோம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நண்பர்களே! நம் வீடுகளில் கைப்பேசியைக் கையாளத் தெரிந்தவர் பெரும்பாலும் நாமே. நம் பெற்றோரின் கணக்குகளுக்குச் சொல் வைத்தவர் நாமாக இருக்கலாம். அல்லது பெயர் மறந்துபோன ஒரு கடைக்காரராக இருக்கலாம். வரும் விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். தாய் தந்தையரை அருகில் அமர்த்தி, அவர்கள் கணக்குகளின் பழைய சொற்களை மாற்றுங்கள். புதிய சொற்களை அவர்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதச் செய்து, வீட்டுப் பெட்டியில் வையுங்கள். சென்ற பொங்கல் விடுமுறையில் நான் அதனைச் செய்தேன். பகடையை உருட்டியவர் என் தந்தையாரே.