சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே

பாலக்காட்டில் கல்பாத்தி இருக்கிறது. அங்கே அக்கிரகாரத்து வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கின்றன. பல இடங்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். ஒரு வீட்டில் ஓதம் ஏறினால் அடுத்த வீட்டுக்காரரும் கவலைப்பட வேண்டும்.

பழைய சுவர்களில் பூசியது சுண்ணாம்புக் காரை. அதில் விரிசல் விட்டால் பலரும் சிமெண்டை அப்பிவிடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் சிமெண்டுப் பூச்சு ஈரத்தை எளிதில் வெளியே விடாது. ஈரம் சுவருக்குள்ளேயே தங்கும். சில மழைக்காலம் போனால் பூச்சு பாளம் பாளமாக விழும். பழைய காரையையும் இழுத்துக்கொண்டு விழும்.

சுண்ணாம்பை எப்படிப் பதப்படுத்துவது?

தொட்டியில் முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகுதான் சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். குவித்த கல்லின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் போடுங்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். கண்ணில் தெறித்துவிட்டால் தேய்க்காதீர்கள். உடனே நல்ல தண்ணீரால் விடாமல் கழுவுங்கள். பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆறியதும் சல்லடையில் வடிகட்ட வேண்டும். மேலே தண்ணீர் நிற்கும்படி 2 வாரமாவது ஊற வேண்டும். நாள் ஆக ஆக வெண்ணெய் போலக் குழையும். 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு சலித்த மணல் சேர்க்கலாம். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பார்கள்.

விரிசலைச் சுரண்டி, தூசி தட்டி, தண்ணீர் தெளித்து, மெல்லிசாகப் பூச வேண்டும். ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் வெடிக்கும். பூசிய இடத்தில் ஒரு வாரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றை வாங்கி மெல்லத்தான் இறுகும். ஐப்பசித் தேருக்கு நாலு நாள் இருக்கும்போது கொத்தனாரைக் கூப்பிட்டால், பாவம், அவர் என்ன செய்வார்?