கதை அனுப்புமுன், அனுப்பிய பின்

1. எழுதி முடித்த கையோடு அனுப்பாதீர்கள். ஒரு வாரம் கிடப்பில் போட்டுவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியத்தைப் பிரிக்க வேண்டும்.

2. முதல் பத்தியை மறைத்துக்கொண்டு இரண்டாம் பத்தியிலிருந்து படித்துப் பாருங்கள். கதைக்கு ஒரு குறையும் வரவில்லையா? முதல் பத்தியை எடுத்துவிடுங்கள். பொழுது விடிவதும் அலாரம் அடிப்பதும் பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

3. சொன்னதையே திரும்பச் சொல்கிறோமா என்று பாருங்கள். "கோபத்தில் முகம் சிவக்க, ஆத்திரம் தாங்காமல், கதவை ஓங்கி அறைந்து சாத்தினான்." அறைந்து சாத்தியதிலேயே கோபம் தெரிகிறதே! "கதவை அறைந்து சாத்தினான்" போதும். இதழாசிரியரின் பேனா முதலில் தொடுவது இத்தகைய வரிகளைத்தான். அதை நாமே செய்துவிட்டால், கதையின் போக்கு, பாத்திரம் என்று பெரிய விஷயங்களைக் கவனிக்க அவருக்கு நேரம் கிடைக்கும்.

4. ஒற்றில் கவனம் தேவை. 'கீரை கடை' என்றால் மத்தை எடுக்க வேண்டும்; 'கீரைக்கடை' என்றால் பையை எடுக்க வேண்டும். சொல்லில் சந்தேகம் வந்தால், 1992-இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்களும் இருப்பதால் புழக்கம் விளங்கும்.

5. யுனிகோடில் தட்டச்சு செய்து வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத்தான் தெரியும்.

6. சொந்தப் படைப்பு, தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல, வேறு இதழுக்கு அனுப்பவில்லை என்ற உறுதிமொழியை மறக்காதீர்கள். அதை எழுதிக் கொடுத்துவிட்டு இன்னொரு இதழுக்கும் அனுப்புவது நம்பிக்கைத் துரோகம்.

7. தீபாவளி மலருக்கான கதை ஆடிக்குள் போய்ச் சேரட்டும்.

8. திருத்திய பிரதி வந்தால் அன்றே பதில் எழுத வேண்டாம், மனம் ஆறட்டும். மறுநாள் மூலத்தையும் திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்துப்பிழை திருத்தங்களை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். சுருக்கிய இடங்களை உரக்கப் படித்த பிறகு முடிவெடுங்கள். பொருள் மாறிய இடங்களுக்கு மட்டும் பக்கம், வரி, காரணம் மூன்றையும் குறித்து எழுதுங்கள். "என் நடையில் கைவைத்துவிட்டீர்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஆசிரியரால் எதையும் சரிசெய்ய முடியாது.

9. உங்கள் ஊர்ச் சொல்லைப் பொதுத்தமிழாக மாற்றியிருந்தால், அந்த இடத்தில் ஊர்ச் சொல்லே ஏன் வேண்டும் என்று விளக்கிக் கேளுங்கள். கரிசல் பேச்சை இலக்கியமாக்கிய கி. ராஜநாராயணன் அந்த வட்டாரச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். அந்த உரிமை நமக்கும் உண்டு. ஆனால் மண்வாசனைக்காகத் தூவிய சொல் என்றால் விட்டுக்கொடுப்பதே நியாயம்.

10. மெய்ப்புப் பார்க்கும்போது கதை படிக்காதீர்கள். கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கி வந்தால் பிழை கண்ணில் படும். பாத்திரங்களின் பெயர்களைத் தனியாக ஒருமுறை சரிபாருங்கள்.

11. உரிமை கேட்டு ஒப்பந்தம் வந்தால் முழுதும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். கதை வந்த இதழின் பெயர், மாதம், ஆண்டு மூன்றையும் நோட்டில் குறித்து வையுங்கள். தொகுப்புப் போடும்போது தேவைப்படும்.