ஒரு சோதனையை மட்டும் நம்பாதீர்கள்

அன்புள்ள வாசகருக்கு,

பென்சால்டிஹைடும் ஆல்டிஹைடுதானே, ஃபெலிங் கரைசலில் ஏன் சிவப்பு வீழ்படிவு வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். செய்முறைத் தேர்வு எழுதும் எல்லோருக்கும் வரவேண்டிய கேள்வி இது.

ஆல்டிஹைடின் கார்போனைல் கார்பனில் ஒரு ஹைட்ரஜனாவது இருக்கும். அதனால் அது எளிதில் ஆக்சிஜனேற்றமடைந்து கார்பாக்சிலிக் அமிலமாகிவிடும். கீட்டோனில் அந்த ஹைட்ரஜன் இல்லை. கார்பன்–கார்பன் பிணைப்பு உடைந்தால்தான் அது ஆக்சிஜனேற்றமடையும். டாலன்ஸ், ஃபெலிங் சோதனைகள் இரண்டுக்கும் இதுதான் அடிப்படை.

ஆனால் இரண்டும் ஒரே வலிமை கொண்டவை அல்ல. ஹெர்மன் ஃபான் ஃபெலிங் தம் தாமிரக் கரைசலை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவாக்கியது சர்க்கரையை அளவிடத்தான். பென்சீன் வளையத்தோடு நேரடியாக இணைந்த ஆல்டிஹைடை ஆக்சிஜனேற்றும் வலு அதற்குப் போதாது. டாலன்ஸ் கரைசலுக்கு அந்த வலு உண்டு. ஆகவே உங்கள் கையில் இருந்தது பென்சால்டிஹைடுதான். சோதனைதான் அதற்குப் பொருத்தமில்லாதது.

டாலன்ஸ் சோதனையைப் பொறுமையாகச் செய்யுங்கள். சில்வர் நைட்ரேட் கரைசலில் ஒரு துளி சோடியம் ஹைட்ராக்சைடு விட்டதும் பழுப்பு வீழ்படிவு வரும். அது கரையும் வரை மட்டும் நீர்த்த அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிறகு மாதிரியைச் சேர்த்து, குழாயை வெந்நீரில் அசைக்காமல் வையுங்கள். குழாய் சுத்தமாக இருந்தால் உட்சுவரில் வெள்ளி பளபளவென்று படியும். அழுக்காக இருந்தால் கருமையான பொடியாக இறங்கும், அதுவும் வெள்ளிதான்.

இதிலும் ஏமாற இடமுண்டு. ஃபிரக்டோஸ் கீட்டோன் வகைச் சர்க்கரை. ஆனாலும் டாலன்ஸ் சோதனையில் வெள்ளி ஆடி தரும். காரக் கரைசலில் அதில் ஒரு பகுதி ஆல்டிஹைடு வகைச் சர்க்கரையாக மாறுவதும் அதற்கு ஒரு காரணம். அயோடோஃபார்ம் சோதனையில் மஞ்சள் வீழ்படிவு வந்தால் மெத்தில் கீட்டோன் என்று எழுதிவிடாதீர்கள். அசிட்டால்டிஹைடும் எத்தனாலும் அதையே தரும்.

எனவே வரிசை முக்கியம். முதலில் 2,4-டைநைட்ரோஃபீனைல் ஹைட்ரசீன். மஞ்சள் அல்லது ஆரஞ்சு வீழ்படிவு வந்தால் கார்போனைல் தொகுதி இருக்கிறது. அடுத்து டாலன்ஸ். அதற்கடுத்து ஃபெலிங். மூன்றையும் சேர்த்துப் பார்த்தபின் முடிவை எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டாலன்ஸ் கரைசலை அவ்வப்போது தேவைக்கு மட்டும் தயாரியுங்கள்; மிச்சத்தைப் புட்டியில் எடுத்து வைக்காதீர்கள். நாட்பட்டால் வெடிக்கும் வெள்ளிச் சேர்மம் அதில் உண்டாகும். வேலை முடிந்ததும் ஆசிரியர் முன்னிலையில் நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, வெள்ளிக் கழிவுக்கான கலத்தில் ஊற்றிவிடுங்கள். எந்த மதிப்பெண்ணையும் விட உங்கள் கண்ணும் கையும் பெரியவை.

அன்புடன்,
உங்கள் வேதியியல் ஆசிரியர்