முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

"ஜவுளிக்கடை வேலைக்குப் போறேங்க்கா, ஏதாவது சொல்லுங்க" என்று வரும் பெண்களிடம் நான் எடுத்த எடுப்பில் சட்டம் பேசுவதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்வேன். சட்டமெல்லாம் எப்போதோ எழுதியாகிவிட்டது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வந்தது 1947-இல். எட்டு மணி நேர வேலை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, சம்பளத்தோடு லீவு என்று எல்லாம் அதில் இருக்கிறது. நீங்கள் நேற்று பதினொரு மணி நேரம் நின்றீர்கள் என்பதற்கு அத்தாட்சிதான் எங்கும் இல்லை. அதை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தவள் நான். ஊர் சங்கரன்கோவில் பக்கம். இப்போது கடைத் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் சங்கம் ஒன்றில் ஒத்தாசையாக இருக்கிறேன். பட்டுப் பிரிவு என்றதும் பலர் கௌரவமான வேலை என்று நினைக்கிறார்கள். ஒரு கல்யாணக் குடும்பம் வந்து உட்கார்ந்தால் முப்பது, நாற்பது புடவை பிரித்துக் காட்ட வேண்டும். அவர்கள் எழுந்து போனதும் அத்தனையையும் பழைய மடிப்பு மாறாமல், ஜரிகை உடையாமல் மடித்து அடுக்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் சுவரில் சாய்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு மாடியிலிருந்து சூப்பர்வைசர் அண்ணாச்சி இறங்கி வருவார். பாத்ரூம் போக வேண்டுமென்றால் ஒரு நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டுப் போக வேண்டும். எங்கள் ஒன்றுக்கு இரண்டுக்கெல்லாம் கணக்கு வைத்த கடையில், நாங்கள் எத்தனை மணிக்கு வேலை முடித்தோம் என்பதற்கு மட்டும் ஒழுங்கான கணக்கு கிடையாது.

அதனால்தான் நோட்டு. தினமும் படுக்கப் போகும் முன் ஒரே ஒரு வரி: தேதி, உள்ளே போன நேரம், சாப்பாட்டுக்கு விட்ட நேரம், வெளியே வந்த நேரம். சம்பளம் வாங்கிய அன்று கையில் வந்த தொகை, பிடித்த தொகை, என்ன காரணம் சொல்லிப் பிடித்தார்கள் என்பது. மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதாதீர்கள். ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதியது பார்த்தாலே தெரிந்துவிடும். அன்றன்று எழுதிய நோட்டில் மை மாறும், கையெழுத்து கோணும், எண்ணெய்க் கறை இருக்கும். அந்தக் கறைக்குக்கூட மதிப்பு உண்டு.

இப்போது கணக்குக்கு வருவோம். மாதச் சம்பளம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 500. எட்டால் வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 பைசா. கூடுதல் நேர வேலைக்கு இரு மடங்கு தர வேண்டும் என்பது சட்டம். ஆக ஓ.டி. மணிக்கு 125 ரூபாய். காலை ஒன்பதரைக்கு உள்ளே போய் இரவு ஒன்பதரைக்கு வெளியே வருகிறீர்கள், இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு என்றால் வேலை நேரம் 11 மணி. கூடுதல் 3 மணி. 26 நாளைக்கு 78 மணி நேரம், 9,750 ரூபாய். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போது பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒருத்தி, "தீபாவளிக்கு ஒரு சேலையும் ஸ்வீட் பாக்ஸும் குடுத்தாங்களே, அது இதுக்குத்தானாக்கா?" என்றாள். இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இரு மடங்கு கொடுத்துவிட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம் என்பதில்லை. கடைகள் சட்டப்படி ஓ.டி.யும் சேர்த்து நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணிதான் உச்சம். ஆடித் தள்ளுபடியும் தீபாவளி சீசனும் இந்த வரம்பைத் தாண்டாமல் நடந்து நான் பார்த்ததில்லை.

ஒரு தங்கச்சியின் வழக்கு தொழிலாளர் துறை அலுவலகத்தில் பேச்சுவார்த்தைக்கு வந்தது. கடை மேனேஜர் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எல்லா நாளும் உள்ளே 10.00, வெளியே 7.00. இவள் நோட்டு எழுதியிருக்கவில்லை. ஆனால் தினமும் இரவு அம்மாவுக்கு வாட்ஸ்அப் அனுப்பும் பழக்கம் இருந்தது. "கடை மூடியாச்சு, ஹாஸ்டலுக்குப் போறேன்." 9.50, 10.05, 9.45 என்று மாதக்கணக்கில் வரிசையாக இருந்தது. அதிகாரி போனை வாங்கிக் கீழிருந்து மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, தினமுமா அனுப்புவே?" என்றார். "ஆமா சார், அனுப்பலைன்னா அம்மா தூங்காது." மேனேஜர் பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். கேட்ட தொகை முழுசும் கிடைக்கவில்லை. பாதிக்குக் கொஞ்சம் மேலே பேசி முடித்தார்கள். இழுத்துப் பிடித்திருந்தால் கூடக் கிடைத்திருக்கலாம். ஆனால் தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. வாங்கிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

நோட்டு எழுத முடியாதவர்கள் அப்படி ஒரு மெசேஜாவது அனுப்பி வையுங்கள். போனை மாற்றும்போது பழைய மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள்.

சாப்பாட்டு இடைவேளைக்கு வருகிறேன். தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். எங்களுக்கு இருபது நிமிடம். அதில் மாடி ஏறி, மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நின்று, சாப்பிட்டு, கை கழுவி இறங்க வேண்டும். இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சங்கத் தலைவர் பி.பி. வாடியாவிடம் சொன்ன குறைகளில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணிதான் விடுகிறார்கள் என்பதும் ஒன்று. நூறு வருடம் தாண்டியும் நாம் இருபது நிமிடத்தில் விழுங்கிக்கொண்டிருக்கிறோம்.

உட்காரும் உரிமை மட்டும் புதுசு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்கிற தையல்காரப் பெண்ணும் அவரோடு சேர்ந்த கடைப் பெண்களும் கழிப்பறைக்கும் நாற்காலிக்கும் போராடினார்கள். கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது: வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும். சட்டம் வந்ததும் பல கடைகளில் ஸ்டூல் வந்தது, உண்மை. ஒரு கடையில் போய்ப் பார்த்தேன். ஒரு தளத்துக்கு இரண்டே ஸ்டூல். ஒன்றின் மேல் ஜாக்கெட் பிட் கட்டு, இன்னொன்றின் மேல் பொம்மைக்குப் போடும் விக். கேட்டால், "ஸ்டூல் இருக்கே மேடம், நாங்க உக்கார வேண்டாம்னா சொன்னோம்?" என்கிறார்கள். இதற்கு ஒரு வழி, ஆள் ஆளாக உட்காராமல் நாலைந்து பேராகப் பேசிவைத்துக்கொண்டு ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்வது. தனியாக உட்கார்ந்தவளைத்தான் சோம்பேறி என்பார்கள்.

லீவு விஷயத்தில் நம்மவர்களுக்குத் தெரியாதது நிறைய. கடைகள் சட்டப்படி ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த வருடத்தில் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. உடம்பு சரியில்லை என்றால் வருடத்துக்கு 12 நாள். நியாயமான சொந்தக் காரியத்துக்கு இன்னும் 12 நாள். இந்தப் பின்னிரண்டும் முதல் வருடமே உண்டு. இவை போக, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும், ஐந்து பண்டிகை நாளும் 1958-ஆம் வருடச் சட்டப்படி சம்பளத்தோடு விடுமுறை. அன்றைக்கு வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு. மே தினத்தன்று "தொழிலாளர் தினச் சிறப்புத் தள்ளுபடி" என்று பேனர் கட்டிக்கொண்டு ஆட்களை நிற்க வைக்கும் கடைகளை என்ன சொல்ல!

"ஞாயித்துக்கிழமை லீவு போட்டா ரெண்டு நாள் சம்பளம் கட்" என்பது எல்லாக் கடையிலும் வேதவாக்கு. சட்டத்தில் அப்படி இல்லை. எத்தனை நாள் வரவில்லையோ அத்தனை நாளுக்குத்தான் பிடிக்கலாம். அபராதமும் வாய்க்கு வந்தபடி போட முடியாது. எந்தெந்தத் தப்புக்கு என்று அரசின் ஒப்புதல் வாங்கி அறிவிப்பாக ஒட்டியிருக்க வேண்டும், உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், ஒரு மாதத்தில் சம்பளத்தின் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 13,000-க்கு அது 390 ரூபாய். வசூலித்த அபராதத்தைத் தொழிலாளர் நலனுக்குத்தான் செலவழிக்க வேண்டும். சுவரில் சாய்ந்ததற்கு ஐம்பது, போன் பார்த்ததற்கு நூறு என்று பிடித்ததெல்லாம் யாருடைய நலனுக்குப் போனதோ!

ஒரு எச்சரிக்கை. ஆத்திரத்தில் எல்லோருமாகச் சேர்ந்து சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு, முன்னறிவிப்பும் தகுந்த காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால், வேலை நிபந்தனையில் முன்னறிவிப்பு பற்றி எழுதியிருக்கும் பட்சத்தில், எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்க இடம் இருக்கிறது. முதலில் எழுத்தில் கொடுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. தொழிற்சங்கங்கள் அவற்றை எதிர்க்கின்றன. எனக்கும் அவற்றில் பல சங்கடங்கள் உண்டு. ஆனாலும் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊதியத் தொகுப்புச் சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். வேலையை விட்டாலோ நீக்கினாலோ இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைக் கொடுக்க வேண்டும். பாக்கிக்கு மனுப் போட மூன்று வருட அவகாசம். நீங்கள் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற சங்கமே உங்களுக்காக மனுப் போடலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் நியமனக் கடிதம் கட்டாயம். "லெட்டர் எல்லாம் எதுக்குமா, நாம குடும்பம் மாதிரி" என்று சொல்லும் முதலாளியிடம் இரண்டு முறை கேளுங்கள்.

சம்பளச் சீட்டில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், பணம் உண்மையிலேயே கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பி.எஃப். கணக்கை உமங் செயலியில் பார்க்கலாம். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நம் பங்கு வெறும் 0.75 சதவீதம். நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்கள் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருக்க வேண்டியதில்லை. இ.எஸ்.ஐ. டாக்டர் ஓய்வு எழுதித் தந்தால், சந்தா ஒழுங்காகக் கட்டியிருக்கும் பட்சத்தில், சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும்.

சூப்பர்வைசரின் கையோ வாயோ நீண்டால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் 2013-ஆம் வருடச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். குழுவே இல்லாத கடை என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்குக் கொடுக்கலாம். இதில் நாள் தள்ளாதீர்கள். நான் பார்த்தவரை, "போகட்டும், அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று விட்டவர்களே அதிகம்.

கடைசியாக, கையெழுத்து. வெற்றுத் தாளில் போடாதீர்கள். "ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போ, செட்டில்மென்ட் தர்றோம்" என்றால் எழுதாதீர்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் அனுப்ப முடியாது என்று கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. நீங்களாக ராஜினாமா எழுதிவிட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள்.

சென்னைக்காரர்கள் மனுக் கொடுக்க வேண்டிய தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. மற்ற ஊர்களில் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம். வக்கீலுக்குக் காசில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். கட்டணமில்லா எண் 15100. நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.