மாதவிடாய் நிற்கும் காலத்துக் கருவிச் சிகிச்சைகள்: கமுதியிலிருந்து போகிறவர்களுக்கு

மாதவிடாய் நிற்கும் காலத்தில் வரும் மனச்சோர்வுக்கும் தாம்பத்தியத் துன்பத்துக்கும் கருவி வைத்துச் செய்யும் சிகிச்சைகள் இரண்டு பிரிவாக இருக்கின்றன. தலையில் வைக்கும் காந்தத் தூண்டல், மெல்லிய மின்னோட்டம், ஒளிப்பெட்டி ஆகியவை ஒரு பிரிவு. லேசர், ரேடியோ அலைக் கருவி, இடுப்புத்தளத் தசைக்கான மின் தூண்டல், காந்த நாற்காலி, விரிப்பான், அதிர்வுக் கருவி ஆகிய இடுப்புப் பகுதிக் கருவிகள் இன்னொரு பிரிவு. இவற்றில் உண்மையாகவே உதவுபவை உண்டு. வாங்கும் காசுக்குப் பலன் இருப்பதாக யாரும் நிரூபிக்காதவையும் உண்டு. எது எந்த ரகம் என்று தெரியாமல் கையில் பணத்தோடு மதுரைக்குப் பஸ் ஏறுவதுதான் கமுதி வட்டாரத்துப் பெண்களுக்குப் பெரிய நஷ்டமாக முடிகிறது.

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டதாகக் கணக்கு. மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்குப் பெரும்பாலும் 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு அறுவைசிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே தொடங்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய யோனிச் சுவர் மெலிகிறது, ஈரம் வற்றுகிறது, அங்கே இருக்க வேண்டிய அமிலத்தன்மை போய்விடுகிறது. உறவின்போது வலி, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், திரும்பத் திரும்ப வரும் நீர்த்தொற்று எல்லாம் இதன் தொடர்ச்சிதான். உடம்பு திடீரென்று கொதிப்பது தானே அடங்குவதுண்டு. இந்த வறட்சி அப்படி அடங்காது, கவனிக்காமல் விட்டால் வருடத்துக்கு வருடம் கூடும்.

மிளகாய்க் கொல்லையில் பழம் பறிப்பவர்களுக்கும் கரிமூட்டத்துப் பக்கம் வேலை செய்பவர்களுக்கும் உடம்புச் சூடு எது, வெயிலின் சூடு எது என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. இரவில் வியர்த்து விழித்துக்கொள்வதைப் புழுக்கம் என்று தள்ளிவிடுகிறார்கள். தூக்கம் கெட்டு மாதக்கணக்கில் ஆன பிறகு எரிச்சல், அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை என்று அது வெளியே வருகிறது. வீட்டிலோ அதைப் புருஷன் பெண்டாட்டிச் சண்டையாக மட்டும்தான் பார்க்கிறார்கள்.

அதிகம் விற்கப்படுவது லேசர். விரல் தடிமனுள்ள ஒரு கம்பியை உள்ளே வைத்து, கார்பன் டை ஆக்சைடு லேசர் ஒளியால் யோனிச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத புள்ளிப் புள்ளியான காயங்களை உண்டாக்குகிறார்கள். அவை ஆறும்போது புதிய கொலாஜன் ஊறி, மெலிந்த சுவர் தடிக்கும் என்பது கொள்கை. ரேடியோ அலைக் கருவி அதே வேலையைச் சூட்டினால் செய்வதாகச் சொல்கிறது. 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இது பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. மாதவிடாய் நின்ற பின் வரும் வறட்சிக்கோ தாம்பத்தியக் குறைகளுக்கோ இக்கருவிகளுக்குத் தான் அனுமதி தரவில்லை என்றும், தீக்காயம், தழும்பு, நீடித்த வலி ஆகியவை ஏற்பட்டதாகப் புகார்கள் வந்திருப்பதாகவும் அது சொன்னது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 85 பெண்களை இரு அணியாகப் பிரித்து ஒரு சோதனை நடந்தது. ஓர் அணிக்கு உண்மையான லேசர், மற்ற அணிக்கு லேசர் போல நடித்த போலிச் சிகிச்சை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டுக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. 2021இல் ஜாமா மருத்துவ இதழில் இந்த முடிவு வெளியானது. போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் கொஞ்சம் தேவலையாகத்தான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். "எனக்குக் கேட்டுச்சு" என்று ஒருவர் சொல்வதை வைத்து லேசருக்குப் போகக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

இதை எழுதுபவர் அந்த வழியில் போனவர். ஒரு கிளினிக்கில் பிளாஸ்டிக் உறையிட்ட ஆல்பம் ஒன்றைக் காட்டினார்கள். "மூணு சிட்டிங்ல பழையபடி ஆயிரும்க்கா" என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த பெண். உள்ளே பரிசோதித்துப் பார்க்கவில்லை. கிரீம் ஏதாவது போட்டுப் பார்த்ததுண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. பில்லில் 'புரொசீஜர்' என்று மட்டும் இருந்தது, கருவியின் பெயர்கூட இல்லை. அந்த வருடத்து மிளகாய்ப் பணம் அதில் போனது. எரிச்சல்தான் மிஞ்சியது, வலி போகவில்லை. பிறகு ஓர் அரசு மருத்துவமனையில் பெண் டாக்டர் ஸ்பெகுலம் வைத்துப் பார்த்தார். வெளிறி, தொட்டால் இரத்தம் கசியும் நிலையில் இருந்த சுவரைக் கண்டு எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் களிம்பு எழுதிக் கொடுத்தார். கிளினிக் வாங்கிய தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசும் விலையே இல்லை அதற்கு. சில வாரங்களில் வித்தியாசம் தெரிந்தது. களிம்பு என்று ஒன்று இருப்பதையே சொல்லாமல் லேசருக்குப் படுக்க வைக்கும் இடம் பெண்ணின் கூச்சத்தைக் காசாக்குகிறது. வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறவள் திரும்பி வந்து சண்டை போடமாட்டாள் என்று அங்கே நன்றாகத் தெரியும்.

எந்தக் கருவிக்கும் முன்னால் பரிசோதனை நடக்க வேண்டும். அதன்பின் ஈரப்பதம் தரும் ஜெல், அதுவும் போதாவிட்டால் உள்ளே இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன். வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரத்துக்கு இருமுறை. "ஹார்மோன் போட்டா புற்று வந்துரும்" என்று நாத்தனாரோ மதினியோ சொல்வார்கள். அந்தப் பயம் மாத்திரைகளைப் பற்றிய பேச்சிலிருந்து வந்தது. உள்ளே இடும் களிம்பிலிருந்து இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. அதைத் தொடர்ந்து போடுவது என்று எடுத்த முடிவு சரியானது என்பதில் இதை எழுதுபவருக்கு ஐயமில்லை. மார்பகப் புற்று வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள், ஆணுறையின் ரப்பரை எண்ணெய் நலிவாக்கிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மாதவிடாய் நின்றதும் ஆணுறையை விட்டுவிடவும் முடியாது: 50 வயதுக்குள் நின்றால் இரண்டு ஆண்டு, 50க்கு மேல் என்றால் ஓராண்டு வரை கருத்தடை தேவை.

இடுப்புத்தளத் தசைக்கான கருவிகள் மேலானவை. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இலேயே தசையின் அழுத்தத்தை அளந்து காட்டும் கருவியோடு பயிற்சியை அறிமுகப்படுத்தினார். இன்றைய பயோஃபீட்பேக் அதன் வழித்தோன்றல்தான்: உள்ளே வைத்த சிறு உணரி, தசையை இறுக்கும்போதும் விடும்போதும் திரையில் கோடு ஏறி இறங்குவதைக் காட்டுகிறது. எந்தத் தசையை இறுக்குவது என்றே பிடிபடாதவர்களுக்கு மெல்லிய மின் தூண்டல் அந்தத் தசையைத் தானே சுருங்க வைத்து அடையாளம் காட்டும். ஆனால் வலிக்குப் பயந்து பயந்தே தசை இறுகிப்போனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இறுக்கும் பயிற்சி செய்தால் வலி கூடும், தளர்த்தும் பயிற்சிதான் அவர்களுக்கு. இதைக் கைவைத்துப் பார்த்துச் சொல்லத் தெரிந்த பெண் பிசியோதெரபிஸ்ட் கருவியைவிட முக்கியம். உடையோடு உட்கார்ந்து செய்யும் காந்த நாற்காலி சிறுநீர் கசிவுக்கானது, தாம்பத்திய இன்பம் கூடும் என்பது விளம்பரம். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும், எப்போதோ போட்டு மறந்துபோன காப்பர்-டி இன்னும் உள்ளே இருப்பவர்களும் அதில் உட்காரக் கூடாது.

விரிப்பான்கள் எளிமையானவை. சிறிதிலிருந்து பெரிது வரை அளவுகள் கொண்ட வழவழப்பான குச்சிகள், ஜெல் தடவி வீட்டிலேயே பயன்படுத்துபவை. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின் யோனி சுருங்கிப் போனவர்களுக்கும் இவற்றைத்தான் தருகிறார்கள். இரத்த ஓட்டத்தைக் கூட்ட உறிஞ்சும் கருவி ஒன்றுக்கு அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலேயே அனுமதி கிடைத்தது. இங்கே மசாஜர் என்ற பெயரில் விற்கும் அதிர்வுக் கருவிகளும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கின்றன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது.

மனச்சோர்வுக்கான கருவிகளில் சான்று உறுதியாக இருப்பது காந்தத் தூண்டல். 2008இல் அமெரிக்காவில், மாத்திரை கேட்காத மனச்சோர்வுக்கு இது அனுமதி பெற்றது. மாதவிடாய் நிற்பதால் வரும் சாதாரண எரிச்சலுக்கு இது மருந்தல்ல. முதல்நாள் மருத்துவர் தலையில் காந்தச் சுருளை நகர்த்தி நகர்த்தி, நோயாளியின் வலது கட்டைவிரல் துடிக்கிறதா என்று பார்ப்பார். துடிக்கும் இடத்தையும் அதற்குத் தேவையான வலிமையையும் வைத்தே சிகிச்சையின் அளவு முடிவாகும். பிறகு இடது நெற்றிப் பக்கம் சுருளை வைத்து டக்டக்கென்று துடிப்புகள். மயக்க மருந்து இல்லை, முடிந்ததும் எழுந்து பஸ் ஏறலாம். தலைவலி வரலாம், வலிப்பு வருவது அரிது. வலிப்பு நோய் இருந்தவர்களும் தலைக்குள் உலோகம் உள்ளவர்களும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வு மாத்திரைகளில் பல, தாம்பத்திய ஆசையையும் உச்சத்தையும் குறைத்துவிடும். காந்தத் தூண்டலுக்கு அந்தக் குறை இல்லை. இரண்டு துன்பமும் சேர்ந்து வந்தவர்களுக்கு இது பெரிய விஷயம்.

வீட்டார் இதை 'கரண்ட் வைக்கிறது' என்று நினைத்து மிரளுகிறார்கள். அது வேறு சிகிச்சை. அந்த மின்னதிர்வுச் சிகிச்சையைக்கூட மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. தற்கொலை எண்ணம் வலுத்தவர்களுக்கு, சாப்பாட்டையே விட்டுவிட்டவர்களுக்கு அது உயிர் காக்கும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய மாவட்டம் இது. மனநோய் என்ற சொல்லுக்கே இங்குள்ளவர்கள் அஞ்சுவதில் நியாயமுண்டு. அந்த அச்சத்தினால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் நியாயமில்லை.

வீட்டில் வைத்துக்கொள்ளும் மெல்லிய மின்னோட்டப் பட்டையை மருத்துவர் சொல்லாமல் ஆன்லைனில் வாங்கக் கூடாது. ஒளிப்பெட்டி குளிர்நாட்டு இருட்டுக்கானது. அது தரும் 10,000 லக்ஸ் வெளிச்சத்தைக் கமுதியில் காலை வெயில் சும்மாவே தரும்.

காந்தத் தூண்டலில் உண்மையான தடை தூரம். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் நான்கு முதல் ஆறு வாரம் போக வேண்டும். கமுதியிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தினமும் மதுரை போய்வந்தால் பஸ்ஸிலேயே உடம்பு தளர்ந்துவிடும். மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்துகொண்டு தொடங்குவது நல்லது. அதற்கு முன்பே கமுதி அரசு மருத்துவமனையில் இரத்தசோகையும் தைராய்டும் பார்த்துவிடலாம், இரண்டும் மனச்சோர்வு போலவே நடிக்கும். மேல் சிகிச்சைக்கு 2022இல் திறந்த ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் இருக்கின்றன. நேரில் சொல்லக் கூச்சமிருந்தால் 14416 என்ற டெலிமானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். தனியாரிடம் போனால் கருவியின் பெயர், எந்த நோய்க்கு அதற்கு அனுமதி, மொத்தச் செலவு மூன்றையும் எழுதி வாங்கிய பிறகே பணம் கட்ட வேண்டும்.

மாதவிடாய் நின்று 12 மாதம் கழிந்தபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் மேலே சொன்ன இடுப்புப் பகுதிச் சிகிச்சைகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். வறட்சியால் வந்ததாகவே இருக்கலாம். ஆனாலும் ஸ்கேனில் கர்ப்பப்பை உட்சுவரின் தடிப்பைப் பார்த்து, தேவைப்பட்டால் திசு எடுத்துச் சோதித்து, கர்ப்பப்பை வாயையும் பரிசோதித்து முடிவு கைக்கு வரும்வரை லேசர், மின் தூண்டல், காந்த நாற்காலி எதையும் தொடங்கக் கூடாது.