உணவு அலமாரி தொடங்குவது எப்படி? முதல் முறை இறங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதனால் இங்கே பசி இருக்கிறது என்றால் பலர் நம்புவதில்லை. ஆனால் ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில், அட்டைக்கு மாதம் கிடைக்கும் ஒரு கிலோ பருப்பு எத்தனை நாளைக்கு வரும்? மாதம் 20-ஆம் தேதி தாண்டிவிட்டால் பானையில் சோறு இருக்கும், அதில் ஊற்றிக்கொள்ள ஒன்றும் இருக்காது. அம்மா ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு வைப்பாள். வெளியே தெரியாத இந்தப் பசிக்குத்தான் உணவு அலமாரி. முடிந்தவர்கள் வைக்கலாம், தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. கொச்சி கலூரில் 2016-இல் மினு பாலின் தன் உணவகத்துக்கு வெளியே ஒரு ஃபிரிட்ஜை வைத்தார். அடுத்த ஆண்டு சென்னை பெசன்ட் நகரில் பல் மருத்துவர் இசா பாத்திமா ஜாஸ்மின் அப்படியொன்றைத் தொடங்கினார். 2021 ஏப்ரலில், கொரோனா கட்டுப்பாடுகளுக்கு நடுவே, பிலிப்பைன்ஸின் கேசான் சிட்டியில் அனா பட்ரீசியா நொன் என்ற இளம்பெண் ஒரு மூங்கில் வண்டியில் அரிசியும் காய்கறியும் அடுக்கித் தெருவோரம் நிறுத்தினார். சில நாட்களிலேயே அந்த நாடு முழுக்க அதைப் பார்த்துப் பலர் தொடங்கிவிட்டார்கள்.

படி 1: உங்கள் பகுதியில் யாருக்கு, எப்போது தட்டுப்பாடு?

அலமாரி வாங்குவதற்கு முன்னால் ரேஷன் கடைக்காரர், அங்கன்வாடி டீச்சர், மளிகைக் கடையில் கடன் நோட்டு எழுதுபவர் ஆகிய மூவரிடம் பேசுங்கள். எந்த வாரத்தில் கடன் கூடுகிறது என்பது மளிகைக் கடைக்காரருக்கு அத்துப்படி.

பசிக்குப் பருவமும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; மீன் பிரிக்கும், சுமக்கும், கூடையில் விற்கும் பெண்களுக்கும் அப்போது வேலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை நின்றுபோகும். வெளிமாநிலத் தொழிலாளர்களையும் கணக்கில் சேருங்கள். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் அவர்களுக்கு இங்கே தானியம் கிடைக்கலாம். மாநில அரசு மலிவு விலையில் தரும் பருப்பும் பாமாயிலும் தமிழ்நாட்டு அட்டைக்குத்தான்.

படி 2: இடம்

ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும், ஆனால் எல்லோர் கண்ணும் படும் இடமாக இருக்கக் கூடாது. டீக்கடைக்கு எதிரே வைத்தால் பெண்கள் பக்கத்திலேயே வரமாட்டார்கள். நூலகம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல், குடியிருப்போர் சங்கக் கட்டடம் இவற்றின் பக்கச் சுவரை ஒட்டி, இடத்துக்குரியவரின் அனுமதியோடு வையுங்கள். ஒரு பழைய இரும்பு பீரோ போதும். மேலே தகரக் கூரை. நான்கு கால்களுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம், எறும்பு ஏறாமல் இருக்க.

படி 3: என்ன வைப்பது?

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் வாங்கிக் குவிப்பது அரிசி மூட்டை. அது பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. இல்லாதது பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய்த்தூள், வெங்காயம், முட்டை. உங்கள் பணத்தில் பெரும்பகுதி இவற்றுக்கே போகட்டும். அட்டையே இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் அரிசியும் இருக்கட்டும்.

அளவும் முக்கியம். ஐந்து கிலோ பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் ஊருக்கே தெரியும். கால் கிலோ பருப்பு, 200 மில்லி எண்ணெய் பாக்கெட் என்றால் கட்டைப் பைக்குள் காய்கறியோடு காய்கறியாகப் போய்விடும். ஒருவரே எல்லாவற்றையும் எடுத்துவிடுவாரோ என்ற கவலையும் சிறிய பாக்கெட்டில் பாதி தீர்ந்துவிடும்.

சிலிண்டர் தீர்ந்துபோன வீட்டில் துவரம் பருப்பை வைத்து என்ன செய்வது? அதனால் ஒரு தட்டை அடுப்பு மூட்டாமல் சாப்பிடக் கூடியவற்றுக்கு ஒதுக்குங்கள்: அவல், பொட்டுக்கடலை, வெல்லம், வேர்க்கடலை, வாழைப்பழம். அதன் கீழே குளியல் சோப்பும் நாப்கினும் இருக்கட்டும். இவற்றுக்குச் செலவழியும் காசு சாப்பாட்டுக் காசிலிருந்துதான் போகிறது.

கைக்குழந்தைக்கான பால்மாவு டின்களை மட்டும் வைக்காதீர்கள். சுத்தமில்லாத தண்ணீரில் கரைத்தால் குழந்தைக்கு ஆபத்து. அதன் விளம்பரத்தையும் விநியோகத்தையும் கட்டுப்படுத்த 1992-லேயே சட்டம் வந்திருக்கிறது.

படி 4: சமைத்த உணவு

முதல் சில மாதங்களுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. சமைத்த உணவைச் சூடாக வைத்தால் 60 டிகிரிக்கு மேல், குளிரில் வைத்தால் 5 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் ஊர் வெயிலில் மதியச் சாம்பார் சாதம் சாயங்காலம் வரை தாங்காது. கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் உணவை எடுப்பதென்றால் அது தனி வேலை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உபரி உணவுக்கென்றே 2019-இல் விதிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. கோவையில் 2014-இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போன்ற அமைப்புகளிடம் தகவல் சொல்லிவிட்டால் போதும்.

படி 5: எடுப்பவரின் மரியாதை

ஆதார் எண், கையெழுத்து, ‘எத்தனை பேர், என்ன வருமானம்’ என்ற விசாரணை எதுவும் வேண்டாம். ஃபோட்டோ கூடவே கூடாது. பருப்புப் பாக்கெட்டோடு நிற்கும் தாயின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றினால், அதைப் பள்ளியில் அவள் மகள்தான் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் உங்கள் அலமாரிப் பக்கம் வரமாட்டார்கள். நன்கொடையாளரின் பெயரைப் பொருளின் மேல் ஒட்டுவதையும் தவிருங்கள்.

வசதியானவர்களும் எடுப்பார்களே என்று நிச்சயம் கேட்பார்கள். ஒரு சிலர் எடுக்கத்தான் செய்வார்கள். அவர்களைப் பிடிக்கக் காவல் போட்டால், உண்மையில் பசியோடு வருபவர்தான் முதலில் கூசித் திரும்பிப் போவார். அந்தச் சிறு இழப்பைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: தினசரிப் பொறுப்பு, கணக்கு

ஏழு பேர் சேர்ந்து ஆளுக்கொரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் திறந்து துடைப்பது, காலாவதித் தேதி பார்ப்பது, பழைய சரக்கை முன்னுக்கு நகர்த்துவது, எது சீக்கிரம் தீர்ந்தது என்று நோட்டில் குறிப்பது. அரை மணி நேர வேலை. அந்த நோட்டுதான் அடுத்த வாரம் என்ன வாங்குவது என்று சொல்லும். வரவு செலவை மாதா மாதம் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நன்கொடை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குவியும், ஜூனில் பள்ளி திறக்கும்போது வற்றிவிடும். மாதம் 100 ரூபாய் தவறாமல் தரும் முப்பது வீடுகள் கிடைத்துவிட்டால் அலமாரி நிலைத்துவிடும்.

படி 7: அலமாரிக்கு அப்பால்

அலமாரி ஒரு வாரத்தைக் கடத்திவிட உதவும். குடும்பத்தின் வருமானத்தைக் கூட்டாது. அதனால் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: புது ரேஷன் அட்டைக்கு எங்கே விண்ணப்பிப்பது, முதியோர் உதவித்தொகைக்கு யாரைப் பார்ப்பது, பக்கத்து அங்கன்வாடி எது, அம்மா உணவகம் எங்கே இருக்கிறது. அரசுப் பள்ளித் தொடக்க வகுப்புகளில் காலை உணவும் உண்டு என்பதை, இந்த ஊருக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு இந்தியிலும் எழுதிச் சொல்லுங்கள்.

முப்பது வீடுகள் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் பத்துப் பாக்கெட் பருப்பு, பத்துப் பாக்கெட் எண்ணெயோடு கதவைத் திறந்து வையுங்கள்.