மானிடவியல் படித்தால் என்ன வேலை?

பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படிக்க விரும்புகிறேன் என்றால் எல்லோரும் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். அது என்ன? படித்து என்ன வேலை? முதற் கேள்விக்கு விடை சொல்வது எளிது. மனிதர் கூடி வாழும் முறையை, அவர்களது உறவுமுறை, சடங்கு, கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றை, அவர்களோடு இருந்தே படிப்பது மானிடவியல். உயர்தரத்தில் இப்பாடம் இல்லை. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் இதுவும் முன்னர் ஒரே துறையாக இருந்தன.

‘அவர்களோடு இருந்தே’ என்பதுதான் இதன் உயிர். முன்னர் பலர், பாதிரிமாரும் அதிகாரிகளும் எழுதி அனுப்பியதை வைத்தே தூரதேசத்து மக்களைப் பற்றி நூல் எழுதினார்கள். போலந்தில் பிறந்த மாலினோவ்ஸ்கி 1915 முதல் 1918 வரையான காலத்தில் நியூகினிக்குக் கிழக்கேயுள்ள ட்ரோப்ரியன்ட் தீவுகளில் இரு தடவை நீண்டகாலம் தங்கினார். கிராமத்துக்குள்ளேயே கூடாரம் அடித்து, அம்மக்களின் மொழியைப் பழகினார். அவர்கள் கடல் கடந்து போய், சிவப்புச் சிப்பி மாலையைக் கொடுத்து வெள்ளைச் சிப்பி வளை வாங்கி வந்தார்கள். அதையும் சிறிது காலத்தில் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வெளியார் கண்ணுக்கு இது வீண்வேலை. அவரோ, தீவுகளுக்கிடையே உறவையும் மதிப்பையும் காக்கும் ஏற்பாடு இது என்று 1922இல் வெளிவந்த நூலில் விளக்கினார். (அவர் இறந்தபின் 1967இல் வெளியான நாட்குறிப்பில் அதே மக்கள்மீது எரிச்சலும் கொட்டிக் கிடக்கிறது. கூட இருப்பது லேசான காரியமல்ல!)

இரண்டாம் கேள்விக்கு எங்கள் கிழக்கு மாகாணத்துக்கே வருகிறேன். முஸ்லிம்கள் என்றால் எல்லாமே தந்தை வழிதான் என்று வெளியூரார் நினைக்கக்கூடும். ஆனால் அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் ‘குடி’ தாய் வழியாக வருகிறது. உம்மாவின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் பேசாதது பழைய வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், வீடு மகளுக்குரியது. அயலிலுள்ள தமிழரிடமும் இக்குடிமுறை உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2008இல் நூலாக வெளியிட்டார். அந்த வீட்டைக் கட்ட வாப்பாமார் கடன்படுவதும் உண்மை; அதே வீடு பெண்ணுக்குக் காவலாக நிற்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

2004 சுனாமி கரையோர வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. புதிய வீடுகள் கொடுத்தபோது பல இடங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஆணின் பெயரே பதியப்பட்டது. உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு, கணவரின் பெயருக்குப் போனது. குடிமுறை தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால், படிவத்தை நிரப்புமுன் “முந்திய வீடு யாருடையது?” என்று கேட்டிருப்பார். மீள்குடியேற்றம், சுகாதாரம், அபிவிருத்தி எல்லாவற்றிலும் இப்படிக் கேட்க ஆள் வேண்டும். நான் செய்ய விரும்பும் வேலை அதுதான்.

வாப்பாவுக்கு வேலையைவிடக் களஆய்வுதான் யோசனை. மகள் எங்கோ ஓர் ஊரில் தனியாகத் தங்குவதா என்கிறார். அந்தக் கவலையை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் சொந்த ஊரும் களம்தான். மூத்தம்மா சொல்லச் சொல்ல எங்கள் குடியில் நான்கு தலைமுறைப் பெண்களின் பெயர்களை எழுதிவிட்டேன். அவர்களது வீடுகள் எந்தெந்த வளவில் இருந்தன என்று இப்போது வாப்பாதான் விசாரித்துத் தருகிறார்.